நனையாமல் நின்ற கோச்

மச்சான்,

ருவான்வெல்லையில் பஸ் நின்றபோது பின்கதவால் ஒரு சாக்கை ஏற்றினார்கள். ஒட்டுப்பால். ரப்பர் மரத்தின் வெட்டிலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிக்கொண்டதைச் சுரண்டிச் சேர்த்த சாக்கு. இன்னும் ஈரமாயிருந்தது. அந்த நாற்றத்தை உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. முன் இருக்கை அம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். கொண்டக்டர் சாக்குக்காரனையும் அவன் பரம்பரையையும் சிங்களத்தில் விசாரித்தார். நான் யன்னலை மூடினேன். நாற்றம் வெளியே போய்விடாமல் இருக்க.

திருவிழாவுக்குத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். நீங்கள் இல்லாத திருவிழா. போன வருசம் நம் வீட்டில் தீட்டு. யாரும் கோயில் பக்கம் போகவில்லை. எனவே எனக்கு இதுதான் முதலாவது.

ஒட்டுப்பாலை நூல் நூலாக இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினால் பந்து. தரையில் போட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அந்தப் பந்துக்கே தெரியாது. அதை அடக்கப் பழகியவனுக்குத் தோல் பந்து ஒரு பூனைக்குட்டி என்பீர்கள். ஒட்டுப்பால் தோட்டத்துச் சொத்து. எடுத்தால் காவல்காரன் துரத்துவான். பத்திரிகைக்காரன் ஒருவன், உங்களுக்கு ஓடப் பழக்கியவர் யார் என்று கேட்டானாம். நீங்கள் யோசிக்காமல் சொன்னீர்களாம்: “எங்க தோட்டத்துக் காவக்காரன்.” அவன் அதைப் பயிற்சியாளர் ஒருவரின் பெயர் என்று நினைத்து அப்படியே போட்டுவிட்டான்.

தோட்டத்து மைதானம் ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால். மைதானம் என்பது மரியாதைக்கு. உண்மையில் சரிவு. ஒரு பக்கக் கோடு மேலே, மறுபக்கக் கோடு கீழே. கீழே போன பந்து ஓடைக்குப் போகும். ஓடைக்கு அந்தப் பக்கம் கீழ்க்கணக்கு, உங்கள் வரிசைவீட்டு லயம். இந்தப் பக்கம் மேற்கணக்கு, எங்கள் லயம். ஒரே தோட்டத்தின் இரண்டு பிரிவுகள். பந்தை எடுக்கப் போகிற சாட்டில்தான் அக்காவை முதலில் பார்த்ததாக ஒருமுறை சொன்னீர்கள். அக்கா உடனே மறுத்தாள். “பந்து எங்க வாசலுக்கு வரவே வராது. இவரு ஒதச்சு அனுப்புனது.”

பெண் கேட்டு வந்தபோது நீங்கள் கொழும்பில் வேலையாகி, வேலைத்தலத்து அணியில் ஆடி, நாட்டுக்கும் ஆடிக்கொண்டிருந்தீர்கள். அம்மாவுக்கு ஒன்றுமட்டும் விளங்கவில்லை.

“பந்து வெளையாட லீவு குடுக்குறாங்களாமே. அப்ப அந்த வேலைய யாரு செய்யிறா?”

“அதான் அத்தை எனக்கும் வெளங்கல,” என்றீர்கள். அந்தப் பதிலில் அம்மா விழுந்துவிட்டார்.

நான் அப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போயிருந்தேன். விடுமுறையில் வருவேன், கையில் சிறுபத்திரிகைகளோடு. நீங்கள் ஒன்றை எடுத்து, காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு கவிதையை முழுவதும் படிப்பீர்கள். உதடு அசையும்.

“மாப்ள, இதுல யாரு கோல் அடிக்கிறா?”

“யாரும் அடிக்கல மச்சான்.”

“அப்ப டிரோ. சரி, போகட்டும்.”

கேலிதான். ஆனால் முழுவதும் படித்துவிட்டுச் செய்த கேலி. என் நண்பர்கள் பலர் படிக்காமலே பாராட்டினார்கள்.

பிறகு முழங்கால் போனது. ஆட்டம் நின்றது. வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தீர்கள். அக்கா அந்தக் காலத்தைத்தான் நல்ல காலம் என்று சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆள் இருந்த காலம். அதன் பிறகு ஒருநாள் தேசிய அணிக்குக் கோச் ஆக்கினார்கள். பேப்பரில் படம் வந்தது. தமிழ்ப் பேப்பர் மலையகத்தின் மைந்தன் என்று எழுதியது. சிங்களப் பேப்பர் கேகாலையின் புதல்வன் என்று எழுதியது. நீங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள்.

“ரெண்டு அப்பனும் சின்னதுல எங்க போயிருந்தானுங்க?”

புளத்கொகுபிட்டியக் கடைத்தெருவில், சலூனில் உங்கள் படத்தை வெட்டி ஒட்டினார்கள். ஒரு பக்கம் நடிகர், மறுபக்கம் நாள்காட்டி முருகன். நடுவில் நீங்கள், விசில் கடித்தபடி. அங்கே முடி வெட்டப் போவதை அன்றோடு நிறுத்தினீர்கள். தன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து முகம் வழிக்க வெட்கமாயிருக்கிறது என்றீர்கள்.

ஒரு பஸ் பயணம் நினைவிருக்கிறது. கேகாலையில் ஏறினோம். கொண்டக்டர் உங்களைக் கண்டதும் கத்தினார்: “ஆ, கோச் மாத்தயா! வாடிவென்ன, வாடிவென்ன!” உட்காரச் சொல்லிக்கொண்டே ஒரு கிழவரை இருக்கையிலிருந்து எழுப்பிவிட்டார். நீங்கள் உட்காரவில்லை. கிழவரைத் திரும்ப உட்காரச் சொன்னீர்கள், சிங்களத்தில், கெஞ்சாத குறையாக. கோச் மாத்தயா நிற்கும்போது நான் உட்காருவதா என்று அவர் மறுத்தார். நெரிசலான பஸ். எல்லாரும் நின்றோம். அந்த இருக்கை மட்டும் காலியாகவே தோட்டத்துச் சந்திவரை வந்தது.

அன்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

தோட்டத்திலும் அதுதான். முன்பு வந்தால் லயத்து வாசல் கல்லில் உட்காருவீர்கள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் வெற்றிலையோடு வந்து சேருவார்கள். கோச் ஆன பிறகு கணக்கப்பிள்ளை வீட்டு நாற்காலி வந்தது. நீங்கள் நாற்காலியில், அவர்கள் தள்ளி, நின்றபடி. நாற்காலியில் இருப்பவரிடம் யாரும் வெற்றிலை நீட்டுவதில்லை.

அம்மாவைச் சொன்னால் நம்பமாட்டார்கள். முன்பெல்லாம் “வாங்க தம்பி.” ஒரு நாள் நீங்கள் வாசலில் கால் வைத்ததும் அம்மா எழுந்து சொன்னார்: “வாங்க சார்.”

அக்கா உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள்.

“என்னம்மா சாரு? ஒம் மருமகன்தானே?”

“எனக்கென்னடி தெரியும். எல்லாரும் சொல்றாங்க. எனக்கும் வாயில வந்துருச்சு.”

“நாளைக்கு என்னையும் நோனா-னு கூப்புடுவியா?”

அம்மா வெட்கப்பட்டுச் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் தேத்தண்ணி அன்று முதல்முறையாகச் சாசருடன் வந்தது. சாசரை நீங்கள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். அவர்கள் இருந்த காம்பராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தாயிற்று. தோட்டத்தில் அப்படித்தான், வேலைக்கு ஆள் இல்லாத வீடு வீடில்லை. அந்த மலையில் உங்களுக்கு மிஞ்சியது எங்கள் வாசல் ஒன்று. அந்த வாசலிலும் சாசர் வைத்துவிட்டார்கள்.

இனி செல்வம்.

என் தம்பி. படிப்பு ஓடவில்லை, கால் ஓடியது. பால் வெட்டப் போனான், பின்னேரம் சரிவில் ஆடினான். இடது பக்கம், கீழ்க்கோட்டை ஒட்டி. மாவட்ட அணிக்குப் போனான். அங்கிருந்து கொழும்பில் பயிற்சிக்கு அழைத்தார்கள். அழைத்தது நீங்கள் இல்லை, தெரிவுக்குழு. ஆனால் தோட்டம் அந்த வித்தியாசத்தை ஏற்கவில்லை. மச்சான் கோச், மச்சினன் ஆட்டக்காரன். வேறென்ன வேண்டும்? உங்கள் வீட்டில்தான் தங்கினான். மைதானத்தில் உங்களைச் சார் என்றான், வீட்டில் மச்சான் என்றான். பிசகாமல்.

வெளிநாட்டு அணி ஒன்று கொழும்புக்கு ஆட வந்தது. உங்கள் முதல் பெரிய ஆட்டம். அணியை அறிவித்தீர்கள். செல்வம் இல்லை. மாற்று ஆட்டக்காரர்களிலும் இல்லை.

எத்தனையோ குடும்பங்களுக்குக் கிடைக்காத பதிவுப் பிரஜாவுரிமை எங்கள் அப்பாவுக்குக் கிடைத்திருந்தது. ஆகவே இவன் இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று கடதாசியைக் காட்டித் தப்பிக்கவும் உங்களுக்கு வழியில்லை. நீங்கள் அவனை எடுக்கவில்லை. அவ்வளவுதான்.

அவன் பையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான். மறுநாள் விடியற்காலை மற்றவர்களோடு பால் வெட்டப் போனான். பட்டையை ஆழமாக வெட்டினான். மரத்துக்குக் காயம். கங்காணி திட்டினார். அடுத்த மரத்தையும் அப்படியே வெட்டினான்.

தோட்டம் உங்களைத் திட்டவில்லை, மச்சான். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். உங்கள் சார்பில் அவர்களே காரணம் தேடினார்கள். “பெரிய எடம். ஆயிரம் இருக்கும்.” “அவரு என்னா செய்வாரு பாவம்.” “நமக்கு என்னா தெரியும்.” சொல்லச் சொல்ல நீங்கள் உயரமாகிக்கொண்டே போனீர்கள். அம்மாவும் அதையே சொன்னார்.

ஆட்டம் சமநிலையில் முடிந்தது. பலமான அணி. நாம் தோற்போம் என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். மறுநாள் பேப்பரில் ஆட்டக்காரர்களை விட உங்கள் படம் பெரிதாக இருந்தது.

அதற்கடுத்து திருவிழா.

கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. தேர் திரும்பி, எல்லாம் முடிந்து, கொடி இறங்கிய பிறகு முறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது. யார்மேலும் யாரும் ஊற்ற முடியாது. அண்ணன் தங்கைமேல் ஊற்றுவதில்லை. அப்பன் மகன்மேல் ஊற்றுவதில்லை. மச்சான் மச்சினன், கொழுந்தியாள், மதினி, மாமன் மகள். கேலி செய்ய உரிமை உள்ளவர்கள் மட்டும். தண்ணீர் ஊற்றினால் நீ எங்களுக்கு முறை என்று அர்த்தம். ஊற்றாவிட்டால் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு.

நீங்கள் அந்த நாளுக்கென்றே ஒரு வெள்ளைச் சட்டை வாங்குவீர்கள். ஒவ்வொரு வருசமும் புதிது. புதிதாக இருந்தால்தான் ஊற்றுபவர்களுக்குச் சந்தோசம் என்பீர்கள். கொழுந்தியாள்மார் லயத்து மூலையில் ஒளிந்திருப்பார்கள். நீங்கள் தெரியாதவர்போல நடப்பீர்கள். ஒரு வருசம் கூரைமேல் ஏறி ஊற்றினார்கள். தகரம் இறங்கி, கணக்கப்பிள்ளை வந்து சத்தம் போட்டார். கொழும்பிலிருந்து எத்தனை கோல் போட்டுவிட்டு வந்தாலும் அந்த மலையில் நீங்கள் யார் என்பதற்கு அந்தச் சட்டைதான் சாட்சி.

அந்த வருசமும் வெள்ளைச் சட்டையோடு வந்தீர்கள்.

நான் உங்களோடு நடந்தேன். மேற்கணக்கு முதல் லயம். வாளிகளோடு பெண்கள் நின்றார்கள். முன்னால் போனவனை அடித்து நனைத்தார்கள். நீங்கள் கிட்டப் போனதும் வாளிகள் கீழே இறங்கின. ஒரு பெண் கையிலிருந்த செம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். “கோச் சார் வாராரு, வழி விடுங்க புள்ளைங்களா.” வழி விட்டார்கள். தரையெல்லாம் மஞ்சள் சேறு. உங்கள் சப்பாத்துப் படுகிற இடத்தை ஒருவன் துடைப்பத்தால் தள்ளிவிட்டான்.

இரண்டாவது லயம். அதே.

மூன்றாவது லயத்தில் தோட்டத் தலைவர் சேர்ந்துகொண்டார். தொழிற்சங்கத் தலைவர், நல்ல மனிதர். கையில் குடை இருந்தது. வெயிலுக்கு என்று நினைத்தேன். மேலிருந்து யாரோ யாருக்கோ ஊற்றிய தண்ணீர் தெறித்தபோது சட்டென்று அதை உங்கள் பக்கம் விரித்தார்.

“சாருக்குப் படாம பாத்துக்கங்கப்பா! புது சட்ட!”

நீங்கள் நின்றீர்கள். குடைக்குள். சுற்றிவர எல்லாரும் தலையிலிருந்து கால்வரை மஞ்சள். கிழவர்கள் மஞ்சள். நாய்கூட மஞ்சள். நடுவில் ஒரு வெள்ளைச் சட்டை.

பேராதனையில் அந்நியமாதல் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன். கட்டுரைகூட எழுதினேன். அந்தக் குடைக்குள் உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு கொஞ்ச காலம் அந்தச் சொல்லை எடுக்கவில்லை.

எங்கள் வாசலுக்கு முன் வந்ததும் என்னைத் தள்ளிக் கூட்டிப்போனீர்கள்.

“செல்வம் விசயத்துல எல்லாருக்கும் கோவமா மாப்ள?”

“கோவமில்ல மச்சான். மரியாத.”

“அது அதவிட மோசம்.”

நான் சொன்னேன்: “நானும் மொறைதானே. நான் ஊத்துறேன்.”

“வேணாம். கேட்டு வாங்கி நனைஞ்சா அது குளிக்கிறது.” சட்டையின் கையைத் தடவிப் பார்த்தீர்கள். “அடுத்த வருசம் வரல. நீயே அக்காவக் கூட்டிட்டு வா.”

விளையாட்டாகச் சொல்லவில்லை. உங்கள் குரல் எனக்குத் தெரியும். அந்த மலைக்குத் திரும்பி வரமாட்டீர்கள் என்பது அந்த வாசலில் ஏறத்தாழ முடிவாகிவிட்டது. கோபக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்கலாம். மரியாதைக்காரர்களிடம் என்ன கேட்பது?

செல்வம் காலையிலிருந்து உள்ளேதான் இருந்தான். நீராட்டுக்கு வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. நீங்கள் விடைபெறுவதற்காக வாசலை நோக்கித் திரும்பினீர்கள். தலைவர் குடையோடு பின்னால் வந்தார். அப்போது அவன் வெளியே வந்தான். வாளியோடு.

மஞ்சள் தண்ணீரை மேலிருந்து ஊற்றுவார்கள். அவன் ஊற்றவில்லை. எறிந்தான். மார்பிலும் முகத்திலும் அறைந்த சத்தம் கேட்டது. குடை பறந்தது. நீங்கள் ஓரடி பின்னால் போனீர்கள்.

“டேய்!” என்றார் தலைவர்.

“அடப் பாவி!” என்றார் அம்மா.

லயம் முழுவதும் அடங்கிப்போனது. அவன் விளையாடவில்லை; எல்லாருக்கும் தெரிந்தது. நீங்கள் கண்ணைத் துடைத்தீர்கள். மூக்கிலிருந்து மஞ்சள் வழிந்தது. வாயில் போனதைத் துப்பினீர்கள்.

“இன்னும் இருக்கா?”

“இருக்கு.”

“கொண்டா.”

அவன் உள்ளே போனான். இரண்டாவது வாளியோடு வந்தான். இந்த முறை கிட்ட வந்தான். உயரம் பற்றாமல் எட்டி, தலையிலிருந்து ஊற்றினான்.

“ஏன் என்னைய எடுக்கல?”

“ஊத்தி முடி. பொறவு கேளு.”

“ஊத்திட்டேன். ஏன் எடுக்கல?”

“அடியில மிச்சம் இருக்கு பாரு.”

அவன் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தான். அந்த நொடியில் அக்கா வெடித்துச் சிரித்தாள். அக்காவின் சிரிப்புத்தான் தொடக்கம். “செல்வம் மட்டுந்தான் மச்சினனா, நாங்க யாரு?” என்று ஒரு கொழுந்தியாள் ஓடி வந்தாள். பின்னால் இன்னொருத்தி. செம்பை மறைத்தவள் குடத்தோடு வந்தாள். மேற்கணக்கு முழுவதும் வந்தது. சேதி கேட்டு ஓடையைத் தாண்டிக் கீழ்க்கணக்கும் வந்தது. தலைவருடைய மனைவி உங்களுக்குத் தூரத்து மதினி என்று அப்போதுதான் எல்லாருக்கும் நினைவு வந்தது. அவர் ஊற்றியதில் பாதி தலைவர்மேல் விழுந்தது.

நீங்கள் கையை விரித்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் எத்தனையோ படங்கள் பேப்பரில் வந்திருக்கின்றன. அப்படி ஒரு முகம் எதிலும் இல்லை.

பிறகு பீலியடி. மலையிலிருந்து மூங்கில் வழியே விழும் தண்ணீர். நீங்களும் செல்வமும் பக்கத்தில் பக்கத்தில், இடுப்புத் துண்டோடு. நான் கரையில். அங்கேதான் பதில் சொன்னீர்கள்.

“நீ நம்ம சரிவ இன்னும் கால்ல வச்சிருக்க.”

“என்னா சரிவு?”

“கீழ்க்கோட்டுல ஆடிப் பழகுனவன் நீ. மேல் பக்கம் குடுக்குற பந்த ஓங்கிக் குடுக்குற. கொழும்புத் தரையில மேல் பக்கம் ஏது? நீ குடுத்ததெல்லாம் அந்தப் பக்கக் கோட்டத் தாண்டிப் போச்சு. ஓடுறப்பவும் ஒரு பக்கம் சாஞ்சே ஓடுற. யாரும் சொல்லலியா?”

“நீங்கதான் கோச்சு. நீங்க சொன்னீங்களா?”

“மத்தவனுக்குன்னா மொத நாளே சொல்லியிருப்பேன். ஒன்கிட்ட வாய் வரல.”

“ஒரு மாசம் குடுத்திருந்தா மாத்தியிருப்பேன்.”

“எனக்கு ரெண்டு வருசம் ஆச்சு.”

செல்வம் திரும்பிப் பார்த்தான். “ஒங்களுக்குமா?”

“பின்ன? நான் எந்த ஊரு?”

அவன் சமாதானமாகவில்லை. அதையும் சொல்ல வேண்டும். “இருந்தாலும் எடுத்திருக்கலாம்” என்று முணுமுணுத்துக்கொண்டே சோப்பை உங்களிடம் நீட்டினான். “எடுத்திருக்க முடியாது” என்று சொல்லிக்கொண்டே வாங்கினீர்கள். இருவரும் அதே வாக்குவாதத்தைச் சோற்றுத் தட்டுவரை கொண்டு வந்தீர்கள். அம்மா பரிமாறினார். “தம்பி, இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க” என்றார். சார் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை, அக்கா கவனித்தாள். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

செல்வம் நாட்டுக்கு ஆடவேயில்லை. அடுத்த வருசம் முயன்றான்; சாய்வு கொஞ்சம் குறைந்திருந்தது, அவனைவிட வேகமான ஒருவன் வந்திருந்தான். இப்போது லொறி ஓட்டுகிறான். தன்னை எடுக்காத காரணத்தை வருசா வருசம் மஞ்சள் வாளியோடு உங்களிடம் கேட்டான். நீங்களும் வருசா வருசம் அதே பதிலைச் சொன்னீர்கள். தோட்டத்தில் அது ஒரு நிகழ்ச்சியாகவே ஆகிவிட்டது. “கோச்சும் மச்சினனும் ஆரம்பிச்சுட்டாங்க” என்று சனம் கூடும்.

உங்கள் பதவி ஒருநாள் போனது. வேறொருவர் வந்தார். சலூனில் உங்கள் படத்தின்மேல் ஒரு பாடகியின் படத்தை ஒட்டினார்கள். நீங்கள் மறுவாரமே அங்கே முடி வெட்டப் போனீர்கள். துரைமார் போய்த் தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது; நாற்காலி கொடுத்த கணக்கப்பிள்ளையும் போனார். வாசல் கல் இருந்தது. அதில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி, கொழும்பில் எவன் எந்தப் பந்தைத் தவறவிட்டான் என்று உரத்துப் பேசினீர்கள். அந்த வருசங்களில் உங்களைப் பார்த்தவர்கள் பதவி இழந்த மனிதர் என்று சொல்லமாட்டார்கள். பிறகு நெஞ்சு வலி. அதிகம் வதைக்காமல் கூட்டிப்போனது. மலர்வளையங்கள் வந்தன. பெரியவர்கள் வந்து அமைதியாக நின்றார்கள். செல்வம் மட்டும், பெட்டி மூடும்போது, எல்லாரும் கேட்கும்படி கேட்டான்: “ஏன் மச்சான் என்னைய எடுக்கல?” அழுகையினூடே சிலர் சிரித்துவிட்டார்கள். உங்களுக்குப் பிடித்திருக்கும்.

இந்த வருசத் திருவிழாவைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அக்கா இப்போது அம்மாவோடுதான் இருக்கிறாள். பிள்ளை மடுவத்தில் வேலை. தாய்மார் மலைக்குப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது. கடைசி நாள் காலையிலேயே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். தாலி இறங்கியவளுக்கு மஞ்சள் இல்லை. யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாமல் எல்லாருக்கும் தெரியும். லயம் லயமாக ஆரவாரம் வந்தது. நம் வாசலுக்கு வந்ததும் குரல்கள் தணிந்தன. வாளியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து, அக்காவுக்கு மரியாதை செய்து கடந்தார்கள்.

செல்வம் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள்; எங்களுக்கு முறையில்லை. அவன் மனைவியிடம் திரும்பினான்.

“ராசாத்தி, ஒனக்கு அவ யாரு?”

“மதினி.”

“பின்ன ஏன் நிக்கிற?”

ராசாத்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா, “என்னடா இது, ஊரு என்னா சொல்லும்” என்று தொடங்கினார்.

“சொல்லட்டும்மா,” என்றேன். “திட்டட்டும். நல்லாத் திட்டட்டும்.”

நான் அண்டாவில் மஞ்சளைக் கரைத்தேன். கை முழுவதும் விட்டுக் கரைத்தேன். ராசாத்தி வாளியோடு உள்ளே போனாள். அக்காவின் குரல் முதலில் கேட்டது. “எனக்கெதுக்குடி, போ அங்கிட்டு! வேணாம்னு சொல்றேன்ல! அடியே…” பிறகு தண்ணீர்ச் சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த இடைவெளி நீளமாயிருந்தது, மச்சான்.

அக்கா வாசலுக்கு வந்தாள். தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே நின்ற சனத்தைப் பார்த்தாள். இரண்டு கிழவிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி ஏதோ வைதாள். அக்கா ராசாத்தியின் கையிலிருந்து வாளியைப் பிடுங்கி, அண்டாவில் முக்கி, அவளைத் துரத்திக்கொண்டு ஓடினாள். நாற்பது வயது தாண்டியவள், லயத்து ஓரமாக, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. வைதவளைத் தவிர எல்லாரும் பின்னால் ஓடினார்கள். கடைசியில் அவளும் ஓடினாள், திட்டிக்கொண்டே.

நான் ஓடவில்லை. அண்டா காலியாகிவிட்டது. வாளிகளை எடுத்துக்கொண்டு பீலிக்கும் வீட்டுக்குமாக நடந்தேன், அவர்கள் ஓயும்வரை.

நேற்றுத் திரும்பி வந்தேன். நாளை பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வேண்டும். தோளில் வலி இருக்கிறது. நகக்கண்களில் மஞ்சள் இருக்கிறது, தேய்த்தும் போகவில்லை. அப்படியே வகுப்புக்குப் போகப் போகிறேன்.